உடைத்த கூலி

ஹாலோம்பி எஸ்டேட்டின் கணக்குப் புத்தகத்தில்
ஆயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு, அக்டோபர்:
கட்டிய கூலி, முப்பத்தொரு பவுன்.
அதற்கடியில் வேறு மையில்
உடைத்த கூலி, நான்கு ஷில்லிங்.

மடாலயம் ஒன்று வேண்டும் என்றாராம்
சர் பெரிக்ரின் ஆஷ்வெல்.
முழு மடாலயம் அல்ல.
ஐந்நூறு வருஷம் மழை தின்று
துறவிகள் ஓடிப்போய்
கூரையும் போன பிறகு எப்படி இருக்குமோ
அப்படி.
கிறிஸ்துமஸுக்குள்.

கொத்தனார் ஜேபஸ் திர்க்கெட்டில்
தனக்குத் தெரிந்தபடிதான் கட்டினார்.
குண்டுநூல் பிசகாத மூன்று வளைவுகள்.
மாளிகையின் சாப்பாட்டு அறை ஜன்னலுக்கு மட்டும் முகம்;
முதுகுப்பக்கம் வெறும் செங்கல்.
மழைக்கு ஒதுங்கும் மாடுகள்
அதைப் பொய் என்று சொன்னதில்லை.

மூன்றாவது வளைவின் தலையை உடை என்று
வரைபடத்தோடு வந்தார் காரியஸ்தர்.
எந்தெந்தக் கல் விழ வேண்டும் என்று
சிவப்பு மையில் குறித்திருந்தது.
ஜேபஸ் சுத்தியலைப் புல்லில் வைத்துவிட்டு
பீர்க்கடைக்குப் போய்விட்டார்.
திரும்பி வரவில்லை.

உடைத்தவன் தோட்டவேலைப் பையன்,
நெட் பிளம்ப்டன், வயது பதினான்கு.
பேர் எழுதத் தெரியாமல் ஒரு சிலுவைக்குறி.
அதற்கு முந்திய தை மாதக் குளிரில்
ஒரு முயலுக்காக
அவன் அப்பனை மேரிலாந்துக்குக் கப்பலேற்றியவர்
இதே சர் பெரிக்ரின்தான்;
அது வேறு புத்தகத்தில் இருக்கிறது.

இப்போது என் முறை.
அறக்கட்டளை கொடுத்த வேலைத்தாளில் எழுதியிருக்கிறது:
இடிந்தது இடிந்தபடியே நிற்க வேண்டும்.
விழப்போகிற கல்
விழப்போகிற மாதிரியே இருக்க வேண்டும்,
ஆனால் விழக்கூடாது.
சனிக்கிழமைகளில் அங்கே கல்யாணம் நடக்கிறது.
நாற்பத்தோராயிரம் பவுன், வரி நீங்கலாக.

முப்பது வருஷமாகச் சுண்ணாம்பில் கை வெந்தவள் நான்.
பொய் விரிசல்களை மனப்பாடமாகத் தெரியும்.
அவை அழகாகக் கிளைக்கும்,
ஐவி படர இடம் விட்டு வளையும்.
முதல் வளைவில் நான் கண்டது
அப்படி இல்லை.
அடித்தளத்திலிருந்து கிளம்பி
யாரையும் கேட்காமல் நேராக மேலே போயிருந்தது.
கீழே பேட்ஜர் தோண்டிய வளை.
கையை விட்டேன்; குளிர்ந்த காற்று.
இருநூற்றைம்பது வருஷம் காத்திருந்து
ஒருவழியாக
அது நிஜமாகவே இடிய ஆரம்பித்திருந்தது.

மிஸ் டாம்லின்சன் வரைபடத்தை விரித்துப் பார்த்தாள்.
"இது இதில் இல்லையே, டில்டா.
அடைத்துவிடுங்கள்."

அடைத்தேன்.
மூன்று நாள், ஆட்டுமுடி கலந்த சாந்து.
மணப்பெண்ணின் தலையில் கல் விழக்கூடாது,
அதில் எனக்குத் தகராறு இல்லை.
கற்சில்லுகளைச் செருகும்போது மட்டும்
பேசத் தொடங்கிய ஒருவரின் வாயைப்
பொத்துவது போல் இருந்தது.

நான்காம் நாள் மூன்றாவது வளைவுக்குச் சாரம் மாறியது.
உடைந்த தலையருகே உட்கார்ந்து
ரொட்டியைப் பிரித்தபடி
வரைபட நகலைப் பார்த்தேன்.
சிவப்பு மையில் ஒன்பது கற்கள்.
மேலே எண்ணினேன்.
மறுபடி எண்ணினேன்.
பதினொன்று.

பனி உரித்தது இல்லை, வேர் நெம்பியது இல்லை.
பதினொன்றிலும் ஒரே சுத்தியலின் தழும்பு,
ஒரே கை, இடது கை.
ஒன்பதை அவன் அளவாக, சொன்ன கோணத்தில் அடித்திருக்கிறான்.
அதிகப்படி இரண்டும் மாளிகை பார்க்காத பக்கம்.
அவற்றில் கோணம் கிடையாது.
ஓர் அடி போதுமான இடத்தில்
ஏழெட்டு அடி.

நான்கு ஷில்லிங்கில் அவை சேரவில்லை.

விரலால் தடவிப் பார்த்தேன். பாசி, கொஞ்சம் மணல்.
அறிக்கையில் ஒன்பது என்றே எழுதினேன்.
ஈரச் சாக்கால் புதுச் சாந்தை மூடிவிட்டு இறங்கினால்
ஒரு மாடு
என் தெர்மாஸை உருட்டிக்கொண்டிருந்தது
வெயில் விழும் செங்கல் பக்கமாக.